ஒருமுறை விழுந்தவர் மறுமுறை விழாதிருக்க

"வயது போனால் விழத்தானே வேணும்" என்பது எமது கிராமங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு. வீட்டிலுள்ள முதியவர் ஒருவர் கிணற்றடியில் சறுக்கி விழுகிறார். எண்ணெய் தடவி ஒத்தணம் கொடுக்கிறோம். இரண்டு மூன்று நாட்களில் நோவு குறைகிறது, விழுந்ததும் மறந்துபோகிறது. சில வாரங்களில் அவர் மீண்டும் விழுகிறார். இம்முறை இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதுதான் குடும்பம் கூடி யோசிக்கிறது. முதலாவது தடவைக்கும் இரண்டாவது தடவைக்கும் இடையில் கிடைக்கும் அந்த வாரங்களைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 65 வயதை அடைந்தவர்களில் நூற்றுக்கு 28 முதல் 35 பேர் வரை ஆண்டுதோறும் விழுகின்றனர். 70 வயதைத் தாண்டியவர்களில் இது 32 முதல் 42 பேர். இக்கணக்கை மறுபக்கமாகவும் பார்க்க வேண்டும். 70 வயதைத் தாண்டியவர்களிலும் அரைவாசிக்கு மேற்பட்டோர் அந்த ஆண்டில் விழவில்லை. ஆகவே விழுவது வயதின் கட்டாயமல்ல. ஆனால் ஒருமுறை விழுந்தவர் மீண்டும் விழும் வாய்ப்பு, விழாதவரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. அவரை விழுத்திய காரணத்தை நாம் தேடிப் பார்க்காதபடியால் அது அங்கேயே இருக்கிறது.

கால் அறிந்த வளவு

எமது குடும்பங்களில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. ஒரே வளவில் நாற்பது ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த ஓர் ஆச்சியை எண்ணிப் பாருங்கள். அடுப்படியிலிருந்து கிணற்றடிக்கு எத்தனை எட்டு, படலைக்குப் போகும் வழியில் மாமரத்து வேர் எங்கே மேலெழுந்து நிற்கிறது, வாசற்படி எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அவருடைய கால்களுக்குத் தெரியும். அமாவாசை இருட்டிலும் விளக்கில்லாமல் போய்வருவார். கண் மங்கிய பிறகும் அந்தக் குறையைக் கால் ஈடுசெய்தது.

1990இலோ, 1995இலோ, 2009இலோ அந்த வளவை விட்டு வெளிக்கிட்டவர், பிறகு எத்தனை இடம் மாறினார்! உறவினர் வீடு, பாடசாலைக் கட்டடம், நலன்புரி நிலையம், தறப்பாள் கொட்டில், கடைசியாக வீட்டுத்திட்ட வீடு. ஒவ்வோர் இடத்திலும் படியின் உயரம் வேறு, மலசலகூடம் இருக்கும் திசை வேறு. கொட்டிலைச் சுற்றி இழுத்துக் கட்டிய கயிறுகளில் தடக்கி விழுந்தவர்கள் எத்தனையோ பேர். சொந்தக் காணிக்கே திரும்பியவர்களுக்கும் இதே நிலைதான். ஆச்சியின் கால் பழைய வீட்டைத் தேடுகிறது. அங்கே கிடப்பது உடைந்த அத்திவாரமும் பற்றையும். புதிய வீடு வேறு திசையைப் பார்த்து நிற்கிறது. நாம் இளையவர்கள் ஒரு வாரத்தில் பழகிக்கொள்வதை அவர் பழக ஒரு வருடம் எடுக்கலாம். புதிய இடத்துக்கு வந்த முதல் வாரத்தில், பகல் வெளிச்சத்தில், அவரைக் கையில் பிடித்து ஒவ்வொரு படியையும் கிடங்கையும் காலால் தொட்டுப் பார்க்க வைக்கும் குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். செலவில்லாத இந்த வேலையை எல்லோரும் செய்யலாம்.

விழுந்த அன்று

தலையில் அடிபட்டிருந்தால், மயங்கி விழுந்திருந்தால், விழுந்தது நினைவில் இல்லை என்று சொன்னால், வாய் கோணினால் அல்லது பேச்சுக் குழறினால், இடுப்பிலோ தொடையிலோ நோவுடன் காலை ஊன்ற முடியாமல் இருந்தால், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு கால் மற்றதைவிடக் கட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் தொடையெலும்பின் மேற்பகுதி முறிந்திருக்கக்கூடும். தூக்கி இருத்த வேண்டாம். படுத்தபடியே வைத்து, 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் சேவை இலவசம். எம்மில் பலருக்கு வேறு காரணத்தால் மறக்க முடியாத எண் அது. மனதில் வைத்திருப்பது கடினமாக இராது.

முறிவு நெரிவு வைத்தியர்களின் கைப்பழக்கத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. கை மணிக்கட்டு நெரிவுக்கு அவர்களிடம் சுகம் கண்டவர்கள் பலர். ஆனால் இடுப்பு முறிவு அப்படியானதல்ல. பெரும்பாலும் சத்திரசிகிச்சை தேவைப்படும். அது எவ்வளவு விரைவில் நடக்கிறதோ, முதியவர் மீண்டும் நடக்கும் வாய்ப்பும் அவ்வளவு கூடும். பத்துப் போட்டுக்கொண்டு இரண்டு கிழமை காத்திருந்தால் அந்த வாய்ப்புக் கைநழுவிப் போகும்.

தலை அடிபட்டவரைச் சில வாரங்களுக்குக் கவனியுங்கள். மூளையைச் சுற்றி இரத்தம் மெதுவாகக் கசிந்து, இரண்டு மூன்று கிழமைக்குப் பின்னரும் தலையிடியாக, தூக்கக் கலக்கமாக, தடுமாற்றமாக வெளிப்படுவதுண்டு. இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவரென்றால் சிறிய அடியையும் அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

எப்படி விழுந்தார் என்று கேளுங்கள்

ஆபத்து எதுவுமில்லை என்று தெரிந்த பின்னர்தான் முக்கிய வேலை தொடங்குகிறது. முதியவர்கள் விழுந்ததை மறைப்பார்கள். "எனக்கொண்டுமில்லை பிள்ளை, கால் தடக்குப்பட்டுப் போச்சு" என்பதோடு பேச்சை முடித்துவிடுவார்கள். மகள் கூலி வேலைக்குப் போகாமல் மறிபடுவாளே என்ற கவலை, இனித் தோட்டப் பக்கம் போக விடமாட்டார்களே என்ற பயம், தான் ஒரு பாரமாகிவிட்டேன் என்ற வெட்கம் எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் நிற்கின்றன. "கவனமா நடக்கத் தெரியாதோ?" என்று ஏசினால் அடுத்த தடவை விழுந்ததையே சொல்ல மாட்டார். "விழுகிறதுக்கு முன்னம் என்னம்மா செய்துகொண்டு நிண்டனீங்கள்?" என்று ஆறுதலாகக் கேட்டால் சொல்வார்.

எங்கே, எத்தனை மணிக்கு, என்ன செய்யும்போது, விழ முன்னர் தலை சுற்றியதா, கண் இருண்டதா, நெஞ்சு படபடத்ததா, எவ்வளவு நேரம் நிலத்தில் கிடந்தார், தானாக எழும்பினாரா? பாடசாலைப் பிள்ளை ஒருவரைக் கொண்டு இதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முன்னர் விழுந்த தடவைகளையும் கேட்டு எழுதுங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் தெரியாத காரணம் இரண்டு மூன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியவரும்.

மன்னார்ப் பக்கம் எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் எழுபத்தைந்து வயது அம்மம்மா ஒருவர் ஆறு மாதங்களில் மூன்று தடவை விழுந்தார். மருமகன் வாசற்படியைக் கொத்தித் திருத்தினார், பிறகும் விழுந்தார். மூன்றையும் ஒன்றாக வைத்துக் கேட்டபோது, மூன்றும் நடுச்சாமத்துக்கும் விடியலுக்கும் இடையில், சலம் கழிக்கப் பாயிலிருந்து எழும்பியபோதே நடந்திருந்தன. காலையில் எடுக்க வேண்டிய, சலம் போகச் செய்யும் பிறஷர்க் குளிசையை அவர் இரவில் எடுத்துவந்திருக்கிறார். ஒருநாள் கிளினிக் போகும் பஸ்ஸில் சலம் முட்டித் தவித்ததால் தானாகவே நேரத்தை மாற்றிக்கொண்டாராம். யாரும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. வைத்தியர் குளிசையைக் காலைக்கு மாற்றி, கிளினிக் நாளில் மட்டும் வீடு திரும்பிய பின் எடுக்கச் சொன்னார். படுக்கைக்குப் பக்கத்தில் மூடியுள்ள ஒரு வாளியும் வைக்கப்பட்டது. அதன்பின் இரவில் அவர் விழவில்லை. படி பாவம், வீணாகக் கொத்துப்பட்டது.

படுக்கையிலிருந்து எழுந்து நின்றதும் இரத்தம் கால்ப்பக்கம் இறங்குகிறது. இளம் வயதில் இரத்தக் குழாய்கள் உடனே இறுகி அதைத் தலைக்கு ஏற்றிவிடும். முதுமையில் இது தாமதிக்கிறது. எழுந்து மூன்று நிமிடத்துக்குள் பிறஷரின் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது கவனிக்க வேண்டிய குறை. கிளினிக்கில் வழமையாக இருத்தி வைத்துத்தான் பிறஷர் பார்ப்பார்கள். "விழுந்தவர், ஐயா, படுக்க வைத்தும் எழும்பி நிற்க வைத்தும் ஒருக்கால் பாருங்கோ" என்று கேட்பது உங்கள் உரிமை. வீட்டிலே, எழும்ப முன்னர் படுக்கை விளிம்பில் சற்று இருந்து, பாதங்களைப் பத்துத் தடவை மேலும் கீழும் ஆட்டி, பிறகு எதையாவது பிடித்து நின்று, தலை தெளிந்த பின் நடக்கச் சொல்லுங்கள். கோயிலில் நீண்ட நேரம் முழங்காலில் நின்று எழும்பும்போதும் இதே கவனம் வேண்டும். வாங்கில் இருந்து செபிக்கும் முதியவரை யாரும் குறைவாக எண்ணப் போவதில்லை.

இடம்பெயர்ந்த குடும்பங்களில் நாம் அடிக்கடி காணும் இன்னொரு சிக்கல், இரட்டைக் குளிசை. முந்திய ஊர் ஆஸ்பத்திரியில் கொடுத்தது ஒரு பையில். இங்கே கொடுத்தது வேறொரு பையில். நிறம் வேறு, பெயர் வேறு, மருந்து ஒன்றே. முதியவர் இரண்டையும் எடுக்கிறார். வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும், பழைய கிளினிக் கொப்பிகளையும், கடையில் வாங்கியதையும், ஒரே பையில் போட்டு வைத்தியர் முன்னால் கொட்டுங்கள். நித்திரைக் குளிசை எடுப்பவரென்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். போரில் பிள்ளைகளை இழந்தபின் நித்திரையில்லாமல் அதைத் தொடங்கி, இன்றுவரை எடுப்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். விழுத்தும் மருந்துகளில் அது முன்னணியில் நிற்கிறது. ஆனால் எந்தக் குளிசையையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். நித்திரைக் குளிசையை வைத்தியர் படிப்படியாகவே குறைப்பார். சீனி வருத்தத்துக்கு மருந்தெடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருப்பதும் விழுத்தும். பேரப்பிள்ளைகளுக்குக் காணாது என்று தன் பங்கைத் தள்ளிவைக்கும் ஆச்சிமார் இருக்கும் வீடுகளில் இதை யாராவது கவனித்தே ஆக வேண்டும்.

கண்ணில் வெண்புரை இருந்தால் சத்திரசிகிச்சையைப் பின்போட வேண்டாம். இங்கிலாந்தில் செய்யப்பட்டு 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதலாவது கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்த பெண்களிடையே விழுதல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

இருத்தி வைப்பது பாதுகாப்பல்ல

விழுந்த முதியவருக்கு எமது வீடுகளில் வழங்கப்படும் முதல் தீர்ப்பு, "இனி இருந்த இடத்தை விட்டு எழும்பக் கூடாது" என்பது. பாசத்தால் சொல்வதுதான். ஆனால் அடுத்த விழுகைக்கு வழி திறப்பதும் அதுவே. 2007இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நோயற்ற முதியவர்கள் பத்து நாட்கள் கட்டிலில் படுத்தே இருந்தபோது கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துபோனது. மூன்று மாதம் சாய்மனைக் கதிரையில் இருத்தப்பட்டவர் மலசலகூடத்துக்கு எழும்பும்போது அவருடைய கால்கள் பழைய கால்களாக இரா.

விவசாயிக்கு இந்த இழப்பு இன்னும் ஆழமானது. வயல் வரம்பில் ஒரு வாழ்நாள் நடந்த அப்புவை நினைத்துப் பாருங்கள். ஒடுங்கிய, வழுக்கும் வரம்பில், தோளில் மண்வெட்டியோடு, ஒரு காலுக்கு நேர் முன்னால் மற்றக் காலை வைத்து நடப்பதைவிடச் சமநிலைக்குச் சிறந்த பயிற்சி கிடையாது. காணி போனபோது வருமானம் மட்டும் போகவில்லை. நாள்தோறும் அவரை நிமிர்ந்து நிற்க வைத்த அந்தப் பயிற்சியும் போய்விட்டது. முகாமில் அவருக்கு நடக்க இருந்த தூரம் தண்ணீர்க் குழாய் வரைதான்.

இழந்ததைப் பெருமளவு மீட்கலாம். நியூசிலாந்தில் டுனெடின் நகரத்தில் 80 வயதும் அதற்கு மேலுமான பெண்களுக்கு வீட்டிலேயே செய்யும் பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1997இல் வெளிவந்தது. வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரமளவு, அத்துடன் நடை. அதையும் தொடர்ந்து நடந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது விழுதல் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 2019இல் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்த அறிக்கையும் உடற்பயிற்சியால் விழுதல் நூற்றுக்கு 23 வீதம் குறைவதாகக் காட்டியது. எண்பது வயதிலும் தசை மீண்டும் வளர்கிறது என்பதே இதில் எமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

செய்வது எளிது. சுவரோடு அணைத்து வைத்த கதிரையில் இருந்து, கையை ஊன்றாமல் எழும்பி நின்று, மெதுவாக மீண்டும் இருக்க வேண்டும். முதல் நாள் மூன்று தடவை முடிந்தால் போதும்; பத்துத் தடவைக்குப் போகலாம். கையை ஊன்றாமல் முடியாதவர் ஊன்றிக்கொண்டு தொடங்கட்டும். திண்ணைக் கட்டைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்தி நுனிக்காலில் நிற்பது, பிறகு நுனிக்காலை உயர்த்திக் குதிக்காலில் நிற்பது. சுவரைப் பிடித்தபடி பக்கவாட்டில் நடப்பது. இவை பழகியபின் முற்றத்து மணலில் ஒரு நேர்கோடு கீறி, ஒரு காலின் குதியை மற்றக் காலின் நுனியோடு தொடுத்து அதன்மேல் நடக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் இதற்கு என்ன பெயர் வைத்தாலும் எமக்கு அது வரம்பு நடைதான். அப்புவுக்கு விளக்கம் தேவைப்படாது. முதலில் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். நெஞ்சு நோவோ தலைச்சுற்றோ வந்தால் நிறுத்தி வைத்தியரைக் கேட்க வேண்டும். சில வாரம் செய்துவிட்டு விட்டால் பலன் மறைந்துபோகும். பேரப்பிள்ளைகளும் சேர்ந்து செய்யும் வீடுகளில்தான் இது நிலைக்கிறது.

எங்கே கை வைப்பது?

வீட்டில் செய்யும் மாற்றங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான அறிக்கை ஒன்று எம்மைப் போன்ற தொண்டு வேலை செய்பவர்களும் படிக்க வேண்டியது. ஏற்கெனவே விழுந்தவர்கள், விழும் ஆபத்து அதிகமுள்ளவர்கள் வாழும் வீடுகளில் இம்மாற்றங்கள் விழுதலை நூற்றுக்கு 38 வீதம் குறைத்தன. ஆபத்துப் பார்த்துத் தெரியாமல் எல்லோருக்கும் பொதுவாகச் செய்த இடங்களில் அத்தகைய பலன் தெரியவில்லை. ஆகவே கிராமத்துக்குச் சொற்பப் பணமும் நாலு சீமெந்துப் பையும் வந்தால், எல்லா வீட்டுக்கும் பங்கு போடாமல் விழுந்தவர் இருக்கும் வீட்டுக்கு முதலில் கொடுப்பதே நியாயம் என்பது எமது கருத்து. சண்டை வரும், பேசித் தீர்க்கலாம்.

கிணற்றடியும் மலசலகூடமும்தான் முதலிடம். கிணற்றடிச் சீமெந்தில் பாசி பிடிக்க விடாமல் கிழமைக்கு ஒருதரம் தும்புத்தடியால் உரஞ்ச வேண்டும். மாரியில் இரண்டு தரம். தண்ணீர் அள்ளுவதை இளையவர்கள் செய்து, முதியவர் குளிக்க உயரமான ஒரு வாங்கு போட்டுக் கொடுக்கலாம். மலசலகூடத்துக் குழிக்கு முன்னால் இருபக்கமும் பிடித்து எழும்பத் தடி நடுங்கள். குந்தி இருக்கவே முடியாதவருக்குப் பழைய பிளாஸ்ரிக் கதிரையின் நடுவை வட்டமாக வெட்டிக் குழிக்கு மேல் வைத்துக் கொடுக்கிறார்கள். கால்கள் வழுக்காமல் சீமெந்தில் பதித்துவிட்டால் நல்ல ஏற்பாடே. வீட்டுத்திட்ட வீடுகளில் தரை உயரம், படி செங்குத்து, பிடிக்க ஒன்றுமில்லை. ஒரு பக்கமாவது கைபிடி வேண்டும். படியின் விளிம்பில் வெள்ளைப் பூச்சு ஒரு கோடு இழுத்தால் மங்கிய கண்ணுக்கும் தெரியும்.

தேய்ந்து வழுவழுத்த றப்பர் செருப்பைத் தூக்கி எறியுங்கள். குதியைப் பிடிக்கும் வாருள்ள செருப்பு நல்லது. நிலத்தில் இழுபடும் சாறமும் சீலையும் காலைத் தடக்கும். ஊன்றுபொல்லு, கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு மடிப்பளவு உயரம் இருந்தால் போதும். அடியில் சைக்கிள் ரயர்த் துண்டு ஒன்று கட்டினால் வழுக்காது. நோவுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும்.

பாயில் படுத்துப் பழகிய முதியவரைக் கட்டாயப்படுத்திக் கட்டிலில் ஏற்ற வேண்டுமா என்று கேட்கிறார்கள். பகலில் பாயிலிருந்து தானாக எழும்பக் கூடியவரென்றால் விட்டுவிடுங்கள். அதுவும் கால்களுக்கு வேலைதான். எழும்பத் தவிப்பவரென்றால் முழங்கால் உயரக் கட்டில் நல்லது.

விழுந்தால் எழும்புவது எப்படி என்பதையும் முன்கூட்டிப் பழக்க வேண்டும். காயமில்லாமல் விழுந்தவர்களிலும் ஏறத்தாழ அரைவாசிப் பேர் தானாக எழும்ப முடியாமல் கிடந்ததாக 1993இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. முதலில் பக்கவாட்டில் உருண்டு, பிறகு கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, அப்படியே தவழ்ந்து கதிரைக்கோ திண்ணைக்கோ போய், இரு கைகளையும் அதன்மேல் வைத்து, பலமுள்ள காலை முன்னால் ஊன்றி எழும்ப வேண்டும். பாயில் வைத்து, ஒருவர் பக்கத்தில் நிற்க, இதைச் செய்து பாருங்கள். முகாமில் ஒருவர் கத்தினால் பத்துக் கொட்டிலுக்குக் கேட்டது. இப்போது ஏக்கர்க் காணிகளுக்கு நடுவே தனி வீடுகள், பிள்ளைகள் தூரத்தில். தனித்திருக்கும் முதியவரின் கழுத்தில் ஒரு விசில், மடியில் கைத்தொலைபேசி, காலையில் கதவு திறந்ததா என்று எட்டிப் பார்க்க ஓர் அயலவர் என்பதை முதியோர் சங்கங்கள் பொறுப்பெடுத்துச் செய்யலாம்.

நட்ட கைபிடிகளை மாரி தொடங்க முன்னர் ஒருதரம் பலமாக ஆட்டிப் பாருங்கள். கறையான் அடியில் இருந்துதான் அரிக்கும். மேலே ஒன்றும் தெரியாது. ஆடினால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். அப்பு அதை நம்பித் தன் முழுப் பாரத்தையும் கொடுப்பார்.